ட்ரையம்ஃப் போனவில் 60 மைலுக்கு மேல் அலைகிறது: முன் ரிம் அளவு காரணமா?

ட்வின்பிரியன்:
வண்டி 1968 ட்ரையம்ஃப் போனவில் டி120 மோட்டார்சைக்கிள். நான் இருப்பது கவென்ட்ரியில். முன்பு வைத்திருந்தவர் முன்னால் 19-க்குப் பதில் 18 அங்குல ரிம் போட்டு 3.25-18 டயர் (3.25 அங்குல அகலம், 18 அங்குல ரிம்முக்கு) மாட்டியிருக்கிறார். பின்னால் 4.00-18தான். 50 மைல் வரை பிரச்சினையே இல்லை. 60-ஐத் தாண்டி நீளமான வளைவில் சாய்த்தால் நெளிகிறது. டயர் இரண்டும் புதுசு, காற்றும் சரி. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

இரும்புக்குதிரை:
ஸ்டீயரிங் டேம்பர் (ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் உராய்வுப் பிடி) குமிழைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க. எனக்கு அதிலேயே நின்றது.

ஸ்போக் அண்ணன்:
டேம்பரை இறுக்கினால் கோளாறு மறையும், போகாது. மெதுவாகப் போகும்போது வண்டி குடிகாரன் மாதிரி தள்ளாடும், அது தனித் தொல்லை.

தம்பி, ஹேண்டில் மட்டும் படபடவென்று அடிக்கிறதா, வண்டி மொத்தமும் மெதுவாக இடம் வலம் போகிறதா? ஹேண்டில் மட்டும் என்றால் முன்பக்கத்தைப் பாருங்கள். மொத்தமும் என்றால் முதல் சந்தேகம் ஸ்விங் ஆர்ம் புஷ் மேல்தான், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் திரும்பும் இடத்திலுள்ள குழல் மேல். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். கையில் 'டொக்' என்று தட்டுப்பட்டால் புஷ் போயிற்று. அது வெண்கல புஷ். கிரீஸ் ஏற்றும் நிப்பிளை யாரும் சீண்டுவதில்லை, அதனால்தான் தேய்கிறது.

அப்புறம் உங்கள் ரிம். ரிம் ஒரு அங்குலம் குறைந்தால் முன் அச்சு அரை அங்குலம் இறங்கும். வண்டி நீளத்துக்கு அது அரை டிகிரிச் சரிவு. டிரெயில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் போய்விடும். ஸ்டீயரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில்; வண்டியை நேராக ஓட வைப்பது அது. வேகத்தில் வண்டி நிலையாக ஓட, 1966-இல் ட்ரையம்ஃப் ஸ்டீயரிங் ஹெட் கோணத்தை (ஸ்டீயரிங் அச்சு தரையோடு செய்யும் கோணம்) 65-லிருந்து 62 டிகிரிக்கு மாற்றியது. ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலையில் பொறியாளர் டக் ஹீல் இருந்த காலம் அது. அந்த 3 டிகிரியில் அரை டிகிரியை இந்த ரிம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ட்வின்பிரியன்:
மொத்தமும்தான் அண்ணா. தள்ளிப் பார்த்தேன், பின்சக்கரம் நன்றாகவே ஆடுகிறது. ஸ்டீயரிங் பேரிங்கையும் பார்க்கணுமா?

ஸ்போக் அண்ணன்:
பாருங்கள், செலவில்லாத வேலை. டேம்பரை முழுக்கத் தளர்த்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிடுங்கள். தானாக இரண்டு பக்கமும் விழணும். நேராக இருக்கும் இடத்தில் சிக்கி நின்றால் பேரிங் குண்டுகள் உருளும் கப்பில் குழி விழுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

ட்வின்பிரியன்:
பேரிங் நல்லாயிருக்கிறது. புஷ் புதுசு போட்டு, ரீமரால் துளையை அளவுக்குக் கடைந்தாயிற்று. 60-இல் அலைச்சல் போயே போச்சு. 70-இல் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது.

ஸ்போக் அண்ணன்:
அந்த மிச்சம் ரிம் கணக்கு. 19-க்கே திரும்புங்கள்: டபிள்யூஎம்2-19 ரிம் (டபிள்யூஎம்2 என்பது ரிம் அகலக் குறி), 3.25-19 டயர். ஸ்போக்கும் புதுசாகத்தான் வாங்கணும், 18-க்கு வெட்டியது நீளம் பத்தாது. 8 அங்குல ட்ரம் பிரேக்குக்கு உரியது என்று சொல்லிக் கேளுங்கள். ஸ்போக்கை இறுக்கி ரிம்மின் கோட்டம் எடுத்த பிறகு அது ஃபோர்க்குக்கு நடுவில் நிற்கிறதா என்று அளந்துவிடுங்கள்.