தனுஷ்கோடியில் எடுத்த மூன்றாவது எபிசோடு

ஷூட்டிங் போன இடத்தில் பேய், ஆவி என்று யாருக்காவது அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். வகுப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஐந்து எபிசோடில் ஓர் அமானுஷ்யத் தொடர் எடுத்தோம். மூன்றாவது எபிசோடுக்குக் களம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் புயல் அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த ரயிலில் வந்த புதுப்பெண் ஒருத்தி இடிந்த தேவாலயத்தில் இன்னும் அலைகிறாள் என்பது எங்கள் கதை. வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், அலறல் எல்லாம் வைத்திருந்தோம்.

2019 பொங்கல் லீவில் போனோம். இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள், அதனால் இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுக்க வேண்டும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு இறக்கி, உள்ளே வரும் வெளிச்சத்தை (எக்ஸ்போஷர்) இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகக் குறைத்தால் வெயில் நிலா வெளிச்சம்போல நீலமாகிவிடும். வானம் மட்டும் ஃபிரேமில் வரக்கூடாது. தேவாலயத்துக்கோ கூரையே கிடையாது! பவளக்கல் சுவரை ஒட்டி ஒட்டியே ஷாட் வைத்தோம்.

வாசலில் சிப்பி மாலை விற்ற அம்மா ஒருவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது டேக்கில், பேயாக நடித்த தோழி அலறி முடித்ததும் என்னிடம் வந்தார். "ஏம்ப்பா, இது யாரு செத்ததா வச்சிருக்கீங்க?"

கதையைச் சொன்னேன். ரயில் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பா ஸ்டேஷன்ல மூட்டை தூக்குனாரு. அன்னிக்கு ராத்திரி போனவருதான். எனக்கு எட்டு வயசு. அவரு திரும்பி வந்தா இப்படியா கத்துவாரு? சாப்ட்டியாம்மான்னுதான் கேப்பாரு."

ஸ்கிரிப்டை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அன்று இரவு ராமேஸ்வரம் லாட்ஜில் உட்கார்ந்து முழுக்க மாற்றி எழுதினோம். வழி தவறி வந்த பையனிடம் அந்தப் பெண் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள், அவ்வளவுதான். மறுநாள் அந்த அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் கேட்டோம். "புதுப்பொண்ணுக்கு எதுக்கு வெள்ளச் சீலை? கலர்ல கட்டி விடுங்க" என்றார். அப்புறம், கடலிலிருந்து பத்தடி தள்ளி மணலைச் சிரட்டையால் தோண்டினார். ஊறி வந்த தண்ணீரை மொண்டு தோழிக்குக் கொடுத்தார். உப்பே இல்லை. அதையும் எடுத்து எபிசோடில் வைத்தோம்.

பயமே வரவில்லை என்று கல்லூரியில் மதிப்பெண் குறைத்தார்கள். ஐந்தில் எனக்குப் பிடித்தது இன்றும் அதுதான்.

*

நீ மேலே எழுதிய எபிசோடுக்கு ஒலிப்பதிவு நான்தான். ரூம் டோன், அதாவது ஆளில்லாத இடத்தின் அமைதியைப் பதிவு செய்த கதையை விட்டுவிட்டாயே! முதல் நாள் யாரும் இல்லாத தேவாலயத்துக்குள் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்தேன். லாட்ஜில் போட்டுக் கேட்டால் அடியில் தடக் தடக் என்று ஒரே சீராகச் சத்தம். ரயில் ஓடுகிற மாதிரி. அன்று இரவு யாரும் விளக்கை அணைக்கவில்லை.

காலையில் அந்த அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வாடைக் காத்துல எங்க கடைத் தார்ப்பாய் அடிக்குது தம்பி" என்றார்.

ஆனால் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார்.