கால்சியம் மாத்திரை எலும்பு முறிவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு?

தேன்மொழி:
என் தாயாருக்கு வயது 63. அண்மையில் எடுத்த டெக்சா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் சோதனை) இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் –1.8 என்று வந்தது; அதாவது அடர்த்தி இயல்பைவிடக் குறைவு, ஆனால் எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் என்னும் அளவுக்கு இல்லை. காலையும் இரவும் 500 மி.கி. கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி பொடி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவர், பிரண்டைச் சாறும் வைட்டமின் கே2-வும் சேர்ந்த காப்சூலை வாங்கி வந்து, எலும்பைக் கெட்டிப்படுத்துவது இதுதான் என்கிறார். இவற்றில் எதற்கு முறையான ஆய்வு ஆதாரம் இருக்கிறது?

கணக்காசிரியர்:
எலும்பு அடர்த்தி கூடுகிறதா என்பதும், எலும்பு முறிவது குறைகிறதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். விளம்பரங்கள் முதல் கேள்விக்கான விடையைக் காட்டி இரண்டாவதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும், மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, சராசரியாக ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ல் வெளிவந்த முடிவின்படி இடுப்பின் எலும்பு அடர்த்தியில் ஏறத்தாழ 1 சதவீத வேறுபாடு கிடைத்தது. இடுப்பெலும்பு முறிவிலோ தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு வேறுபாடு எதுவும் தென்படவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. முதியோர் இல்லங்களில் அல்லாமல் வீட்டில் வாழும் 51,145 பேரை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், கால்சியத்தாலோ வைட்டமின் டியாலோ முறிவு குறைந்ததாகக் காணவில்லை.

மருந்தாளுநர் குடந்தை:
எண்கள் சரிதான்; ஆனால் அந்தப் பெண்கள் யார் என்பதை ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். ஆய்வு தொடங்கும்போதே அவர்களுடைய கால்சியம் வரவு, உணவும் சொந்தமாக வாங்கிப் போட்ட மாத்திரையுமாகச் சேர்ந்து, நாளொன்றுக்குச் சராசரியாக 1100 மி.கி.யைத் தாண்டியிருந்தது. வயிறு நிறைந்தவருக்கு இன்னொரு பந்தி பரிமாறிவிட்டு, சோற்றால் பசி ஆறுவதில்லை என்று முடிவு கட்டுவது போன்றது இது. இதற்கு நேர்மாறாக, பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 மூதாட்டிகளிடம் நடந்து 1992-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். சராசரி வயது 84. உணவில் கிடைத்த கால்சியம் 500 மி.கி. அளவுதான், இரத்தத்தில் வைட்டமின் டியும் குறைவு. அவர்களுக்கு 1200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் டியும் கொடுத்தபோது, 18 மாதங்களில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் பாலைக் காப்பிக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளும் பெண்கள் எந்தக் கூட்டத்துக்கு நெருக்கமானவர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கணக்காசிரியர்:
அந்த 43 சதவீதம் 18 மாதங்களும் முழுமையாக மருந்து எடுத்து முடித்தவர்களை மட்டும் எண்ணியது. இடையில் விட்டவர்களை நீக்கிவிட்டு எண்ணினால், குலுக்கல் முறையில் பிரித்ததன் பயனே போய்விடும். தவிரவும், வெயில் காணாமல் இல்லத்தில் முடங்கிய 84 வயது பிரெஞ்சுப் பெண்மணியின் முடிவை, தானே கடைக்குப் போய்வரும் 63 வயதுத் தாயாருக்கு எப்படிப் பொருத்துகிறீர்கள்?

மருந்தாளுநர் குடந்தை:
தொடக்கத்தில் பிரிக்கப்பட்ட அனைவரையும் வைத்து எண்ணியபோதும் அந்த வேறுபாடு நின்றது. ஆகவே அந்த ஆட்சேபம் செல்லாது. வயதைப் பற்றிய ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஆனால் பற்றாக்குறையே இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வும் அதே அளவுக்குப் பொருந்தாதுதானே? 2022-ல் வந்த வைட்டல் ஆய்வில் 25,871 பேருக்கு ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தினமும் 2000 யூனிட் டி அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, முறிவு குறையவில்லை என்றார்கள். அவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டியின் தொடக்க அளவு மில்லிலிட்டருக்குச் சராசரியாக 30 நானோகிராம். குறைபாடு உள்ளவர்களைத் தேடி எடுத்த ஆய்வு அன்று அது. இன்னொன்று: எலும்புப்புரைக்கான அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகளின் பெரிய ஆய்வுகளில், பெரும்பாலும் இரு தரப்பினருக்குமே கால்சியமும் டியும் அடிப்படையாகக் கொடுக்கப்பட்டன; ஆகவே அம்மருந்துகளின் பலன் அவற்றோடு சேர்த்தே பார்க்கப்பட்டது.

கணக்காசிரியர்:
பற்றாக்குறை உள்ளவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். இருந்தாலும் ஊகம் ஆதாரமாகிவிடாது. மேலும், பற்றாக்குறையை மாத்திரையால்தான் நிரப்ப வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் பாதிக்குப் பால், தயிர், பாலாடைக்கட்டி வழியாக நாளொன்றுக்குக் கூடுதலாக 562 மி.கி. கால்சியமும் 12 கிராம் புரதமும் கிடைக்கச் செய்தார்கள். 2021-ல் வந்த முடிவு: எல்லா முறிவுகளும் சேர்ந்து 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. உங்கள் மாத்திரையில் புரதம் ஏது?

பச்சிலை:
பிரண்டையை ஒரு வரியிலும் யாரும் தொடவில்லை. எலும்பு ஒட்டி என்று தலைமுறைகளாக அறியப்பட்ட கொடி அது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தினர் 1960-களிலேயே ஆய்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஆய்வு செய்தால்தான் நம்புவீர்களா?

கணக்காசிரியர்:
காசியில் நடந்த ஆய்வுகள் நல்ல தொடக்கம்தான். ஆனால் எலும்பு உடைக்கப்பட்ட விலங்குகளில் அது சேரும் வேகத்தைப் பார்த்தவை அவை. முறிந்த எலும்பு விரைவில் சேர்வது ஒன்று. முறியாமல் காப்பது வேறொன்று. மனிதர்களிடம் முறிவுகளை எண்ணிய பெரிய ஆய்வு பிரண்டைக்கு இல்லை. துவையலாக அரைத்துச் சாப்பிடுவதற்கு நான் தடை சொல்லவில்லை.

மருந்தாளுநர் குடந்தை:
இதில் ஐயாவோடு உடன்படுகிறேன். கே2-வின் நிலை இன்னும் மோசம். வைட்டமின் கே முறிவைப் பெரிதும் குறைக்கிறது என்று 2006-ல் வந்த தொகுப்பாய்வு, ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிரோ சாட்டோவின் ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தது. அவருடைய பல கட்டுரைகள் மோசடி காரணமாகத் திரும்பப் பெறப்பட்டபின், அத்தொகுப்பாய்வும் திருத்தப்பட்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கே2-வைத் தொடவே கூடாது.

தேன்மொழி அவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி அந்த வைட்டமின் டி பொடியைப் பற்றியது. நம் கடைகளில் கிடைக்கும் பாக்கெட்டில் வழக்கமாக 60,000 யூனிட் இருக்கும். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. எத்தனை வாரங்கள் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவுத் தேதி இல்லாமல் போடுவதற்கான மருந்தன்று அது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் பாதிப்பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வேளையில் 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குக் கீழே விழுவதும் எலும்பு முறிவும் கூடின என்பது 2010-ல் வந்த முடிவு.

தேன்மொழி:
இருவருக்கும் நன்றி. அம்மா காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையும் வாயு மாத்திரையும் எடுக்கிறார்கள். கால்சியத்தை அவற்றோடு கொடுக்கலாமா?

மருந்தாளுநர் குடந்தை:
கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையெனில் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்று இருந்தால், அதில் கால்சியம் 500 மி.கி.தான். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அம்மாவின் வாயு மாத்திரை ஓமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தாக இருந்து, அதைத் தொடர்ந்து எடுப்பவரானால், அமிலம் குறைந்தாலும் உடலில் சேரும் கால்சியம் சிட்ரேட் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கணக்காசிரியர்:
கேட்கும்போது, ஒரு வாரம் அம்மா சாப்பிட்ட பால், தயிர், கேழ்வரகு, கீரை, மீன் ஆகியவற்றின் அளவை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மி.கி. கால்சியம். அதில் உணவிலேயே 700 கிடைத்தால், இரவு மாத்திரை எதற்கு என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.