சபைக் குழாய்த் தண்ணீர் கெட்டதென்று எனக்குத் தெரியும். போதகரிடம் சொன்னது போதுமா?

கேள்வி: பாலக்கோட்டான்

சகோதரர்களுக்குத் தோத்திரம். தர்மபுரிப் பக்கம் குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பிறர் பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீரைப் பார்ப்பதே என் பிழைப்பு. எங்கள் சபை வளாகத்தில் போன வருடம் போர்வெல் போட்டார்கள். மூப்பர் ஒருவர் தம் தாயாரின் நினைவாகக் கொடுத்தது. குழாய்க்கு மேலே கிரானைட் கல்லில் தாயாரின் பெயர், அதன்கீழ் ‘ஜீவத்தண்ணீர்’ என்று பொறித்திருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் மாலை டியூஷன் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். சுற்றுத் தெருக்காரர்களும் குடம் கொண்டுவருகிறார்கள்.

யாரும் கேட்காமலே ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஃபுளோரைடு லிட்டருக்கு 3.1 மில்லிகிராம். இந்தியத் தரப்படி 1 வரை சரி. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். தண்ணீரோ பளிங்குபோல் இருக்கிறது, வாடை கிடையாது, ருசியும் நன்று. வில்லங்கமே அதில்தான்.

போதகரிடம் சொன்னேன். “கொடுத்தவர் மனம் நோகும். கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுவோம், ஜெபிப்போம்” என்றார். கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கிச் செறிவு இன்னும் கூடும் என்றேன். “உமக்குப் படிப்பு அதிகம்” என்று சிரித்தார்.

நன்மை செய்ய அறிந்தவனாயிருந்தும் செய்யாமற்போனால் அது பாவம் என்கிறது யாக்கோபு 4:17. குடிப்பவர்கள் அறியாமல் குடிக்கிறார்கள். நான் அறிந்தவன். போதகரிடம் சொன்னதோடு என் பொறுப்பு தீர்ந்ததா, ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து சொல்ல வேண்டுமா? சொன்னால் மூப்பருக்கு அது தலைகுனிவு அல்லவா?

பதில்: சேலம் ஸ்தோத்திரம்மாள்

தம்பி, பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். ஃபுளோரைடு கூடிய தண்ணீர் குடித்தால் முதலில் பல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் வெள்ளை வரிகள். கடுமையாகிவிட்டால் பழுப்புத் திட்டு. பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணாகிய ஒரு பெண் இருந்தாள். சிரிக்கும்போது துப்பட்டா வாய்க்குப் போய்விடும். எட்டு வயதுவரை நிலைப்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். கெடுவது அப்போதுதான், வெளியே தெரிவது பிறகு. ஆண்டுக் கணக்கில் குடித்தால் எலும்பும் தப்பாது. கமிட்டி கூடட்டும், நன்கொடையாளர் மனம் ஆறட்டும் என்று காத்திருந்தால் அந்த வயது காத்திருக்காது. வரும் ஞாயிறே சொல்லுங்கள். படிப்பு அதிகம் என்று ரோமத் தேசாதிபதி பெஸ்து அப்போஸ்தலர் பவுலையும்தான் கேலி செய்தான்.

பதில்: பழைய செயலர்

அம்மா சொல்வதில் பாதி சரி. ஆனால் ‘அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்’ என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது. பல வருடம் சபைக் கமிட்டியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவிப்பு நேரத்தில் எழுந்து சொன்னால் அன்றைக்கே சபை இரண்டாகும், அதன்பின் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள், உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மூப்பரும் அறியாதவர்தானே? அவர் ஃபுளோரைடைக் கலக்கவில்லை, பாறையிலிருந்து கரைந்து வருவது அது. அவர் மனம் நோகும் என்று போதகர் தீர்மானிக்கிறார், நீங்களும் தீர்மானிக்கிறீர்கள், அவரிடம் யாருமே கேட்கவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.

பதில்: ஊத்தங்கரை வாசகன்

இரண்டு இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தில் எரிகோ ஊரார் எலிசாவிடம் என்ன சொன்னார்கள்? ஊர் நல்லது, தண்ணீர்தான் கெட்டது என்றார்கள். தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். விசுவாசக் குறைவு என்று அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. புதுத் தோண்டியில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீரைச் சரியாக்கினார்.

தோண்டிக்கு நீங்களும் வழி சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களின் ஃபுளோரைடை மனதில் வைத்துத்தான். அந்த இணைப்பு வளாகத்துக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஆர்.ஓ. இயந்திரமும் ஃபுளோரைடை எடுக்கும். ஆனால் சவ்வை மாற்றுவது யார், செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் ஊரில் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரை நம்ப வேண்டாம். போர்வெல்லை மூட வேண்டியதில்லை, கைகால் கழுவவும் செடிக்கும் ஆகும்.

பதில்: பாலக்கோட்டான்

மூப்பர் வீட்டுக்குப் போய்வந்தேன். அறிக்கையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். “என் பேத்திக்கு ஐந்து வயது. எங்கள் வீட்டுக்கும் அந்தக் குடம்தான் வருகிறது. போதகருக்கு எப்போது தெரியும்?” என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவரே போனை எடுத்தார். அந்தப் பேச்சை இங்கே எழுதுவது முறையல்ல.

ஒகேனக்கல் இணைப்புக்கு மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்து அவருடையது. அதுவரை பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர், அதுவும் அவர் செலவில். ஸ்தோத்திரம்மாள் அக்கா, ஞாயிறு அறிவிப்பையும் அவரே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மிச்சம் இருப்பது தெருக்காரர்கள். அவர்கள் சபைக்கு வருவதில்லை, அறிவிப்பு அவர்கள் காதில் விழாது. தகரப் பலகை ஒன்று எழுதக் கொடுத்திருக்கிறேன். படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் இருப்பதால் வீடு வீடாகப் போக வாலிபர் ஐக்கியத்தில் ஆள் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் வருகிறார்கள். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் இருக்கிறதாம்.