கன்றுக்குக் கழிச்சல் நிற்கவில்லை: பாக்கெட் பால், பால்தூள், ஆட்டுப்பால் ஆகியவற்றுள் எதைக் கொடுப்பது?

கேள்வி: உச்சிப்புளி அருகிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்புப் பசுக்கள் உள்ளன. மூத்த பசு ஈன்ற கிடேரிக் கன்றுக்கு இப்போது இரண்டு வாரம் ஆகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து சீம்பால் குடித்த கன்று அது. முதல் சில நாள்கள் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு பசுவுக்கு இரண்டு காம்புகளில் மடிநோய் கண்டு, பால் திரிதிரியாக வந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, காம்புக்குள்ளும் மருந்து ஏற்றி, இந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சங்கத்துக்கும் ஊற்றக் கூடாது என்று சொல்லிச் சென்றார்.

அன்றிலிருந்து கன்றுக்குப் பால் மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்தோம். அது கட்டுப்படியாகாததால், கன்றுக்கென்றே விற்கும் பால்தூளை வாங்கி வெந்நீரில் கரைத்துக் காலையும் மாலையும் வாளியில் வைத்தோம். கன்று மெலிவதைப் பார்த்த மாமியார், தெம்பு வரட்டும் என்று அதில் சிறிது கருப்பட்டியையும் தட்டிப் போட்டார்கள். தூள் கொடுத்த மறுநாளே சாணம் இளகி, இப்போது வெளிர் மஞ்சளாகத் தண்ணீர்போல் கழிகிறது. ஆட்டுப்பால்தான் வயிற்றுக்கு இதம் என்று பக்கத்து வீட்டில் கொடுத்ததால், நேற்று மாலை அதையும் காய்ச்சாமல் ஊற்றினோம். கன்று ஆசையாகத்தான் குடிக்கிறது. ஆனாலும் கழிச்சல் நிற்கவில்லை. அதே கொட்டிலில் இளைய பசுவின் கன்று தாயிடம் ஊட்டி நன்றாக இருக்கிறது.

இவற்றுள் எந்தப் பால் பொருந்தும்? தினமும் கீழே ஊற்றும் மடிநோய்ப் பாலைக் காய்ச்சிக் கன்றுக்காவது கொடுக்கலாமா?

பதில் 1: கால்நடை மருத்துவர் (பணி ஓய்வு), ராமநாதபுரம்

சகோதரி, எந்தப் பால் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கன்றின் நிலையைச் சொல்லுங்கள். கண்கள் குழிக்குள் இறங்கியிருக்கின்றனவா? கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாகவே நிற்கிறதா? வாய்க்குள் விரலை விட்டால் சூடு தெரிகிறதா, உறிஞ்சுகிறதா? தானாக எழ முடியாமல் கிடந்தாலோ, வாய் குளிர்ந்திருந்தாலோ, சாணத்தில் ரத்தம் கண்டாலோ, உடல் வெட்டி இழுத்தாலோ, இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணுக்கு அழைத்து மருத்துவரை வரவழையுங்கள். அந்த நிலையில் வாய்வழியாக எதை ஊற்றினாலும் போதாது, நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும்.

கன்று நின்று குடிக்கிறது என்றால் நமக்கு அவகாசம் இருக்கிறது. எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். தூளை எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்? லிட்டருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? குடிக்கும்போது பால் எவ்வளவு சூடாக இருக்கிறது? நம் கடற்கரை ஊர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். தாயிடம் ஊட்டும் கன்று நலமாகவும் தூள் குடிக்கும் கன்று கழிந்துகொண்டும் இருப்பது அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

விவரம் கிடைக்கும் வரை கருப்பட்டியை நிறுத்துங்கள். பாலை நிறுத்தாதீர்கள்.

கேட்டவர்

ஐயா, உடனே பதில் தந்ததற்கு நன்றி. கண் சற்று உள்வாங்கியிருக்கிறது, ஆனால் எழுந்து நிற்கிறது. கழுத்துத் தோல் கொஞ்சம் மெதுவாகத்தான் படிகிறது. வாய் சூடாக இருக்கிறது, விரலை நன்றாக உறிஞ்சுகிறது.

தண்ணீர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைக்கிறோம். குழாயில் வராத நாளில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். மாடுகளுக்கு எப்போதும் கிணற்றுத் தண்ணீர்தான், அவை பழகிவிட்டன. கேன் தண்ணீர் விற்பவரிடம் உள்ள கருவியில் சோதித்தபோது, கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 3400 மில்லிகிராம் என்று காட்டியது. தூளை டம்ளரால் அள்ளிப் போடுகிறோம். இப்போது தராசில் வைத்துப் பார்த்ததில் லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் வருகிறது. பையில் 125 கிராம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். காலையில் சூடாக இருக்கும், மாலையில் ஆறிப்போயிருக்கும்.

பதில் 2: கால்நடை மருத்துவர்

இந்த எண்களே பெரும்பாலும் விடை சொல்லிவிடுகின்றன.

பசும்பாலில் லிட்டருக்கு அரை கிராம் அளவில் சோடியம் இருக்கும். நம் பகுதிக் கிணற்று நீரில் கரைந்துள்ளவற்றுள் பெரும்பகுதி சாப்பாட்டு உப்பு என்பதால், உங்கள் தண்ணீர் தூளைச் சேர்க்கும் முன்பே லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் சோடியத்தைக் கொண்டிருக்கிறது. தூளிலும் அதற்குரிய உப்பு உண்டு. அந்தத் தூளையும் பையில் சொன்ன அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போடும்போது, கன்றின் குடலுக்குள் போவது ரத்தத்தைவிட மிகவும் அடர்த்தியான கரைசலாகிவிடுகிறது. அடர்த்தி மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும் என்பதால், உடம்பிலுள்ள தண்ணீரே குடலுக்குள் இழுக்கப்பட்டுக் கழிச்சலாக வெளியேறுகிறது. கன்றுக்குத் தாகம் கூடுகிறது. தாகத்துக்கும் அதே பால் கிடைப்பதால் ஆசையாகக் குடிக்கிறது. வளர்ந்த மாடு இந்தத் தண்ணீரைத் தாங்கும். முதல் சில வாரங்களில் உள்ள கன்று தாங்காது. கன்றுக்குத் தூள் கரைக்கும் தண்ணீர் லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் எடுங்கள்.

அடுத்தது கருப்பட்டி. பாலிலுள்ள இனிப்பைச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் உண்டு. கருப்பட்டி, வெல்லம், சீனி ஆகியவற்றின் இனிப்பைப் பிரிக்கும் நொதி கன்றுக் குடலில் இல்லை. செரிக்காத இனிப்பு கீழ்க்குடலில் புளித்துக் கழிச்சலை வளர்க்கும். இந்த வயதில் அரிசிக் கஞ்சியும் அப்படித்தான் தங்காமல் போகும். இனிப்புச் சத்து வேண்டுமென்றால் அது குளுக்கோஸாக இருக்க வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது இது. தூளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இளைய பசுவின் பால் அதன் கன்றுக்குப் போக மிஞ்சினால் அதுவே முதல் தேர்வு. மிஞ்சாவிட்டால் பாக்கெட் பாலைத் தண்ணீர் கலக்காமல், 39 டிகிரி அளவுக்கு, அதாவது புறங்கையில் விட்டால் இளஞ்சூடாகத் தெரியும்படி வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். கன்று 28 கிலோ இருக்குமென்றால் நாளுக்கு 3 லிட்டருக்குக் குறைய வேண்டாம். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். கழிச்சல் கண்டதும் பாலை நிறுத்தும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அதனால் கழிச்சலுக்குத் தப்பும் கன்று பட்டினியால் சாகிறது.

பாலுக்கு நடுவே, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல் கொடுங்கள். கன்றுக்கான கரைசல் பொடி கிடைக்காவிட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் 1 லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலம் இப்போதைக்கு உதவும். அதில் குளுக்கோஸ் இருக்கிறது. அதையும் நல்ல தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாலோடு கலக்கவும் கூடாது. பால் நான்காம் வயிற்றில் தயிர்போல் உறைந்துதான் மெதுவாகச் செரிக்கிறது. கரைசலில் உள்ள சிட்ரேட் அந்த உறைதலைக் கெடுக்கும். உப்பு ஏறிய கன்றுக்கு ஒரே மூச்சில் வாளி நிறையத் தண்ணீர் வைப்பதும் ஆபத்து, அது மூளையைப் பாதிக்கும். அரை லிட்டர், அரை லிட்டராகக் கொடுங்கள்.

மடிநோய்ப் பாலைக் காய்ச்சிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்தச் சிறிதளவு மருந்தைத் தினமும் குடிக்கும் கன்றின் குடலில், மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சும். நாளை உண்மையிலேயே நோய் வரும்போது மருந்து வேலை செய்யாது. கிடேரிக் கன்று உங்கள் வருங்காலக் கறவை என்பதால் இதில் தளர்வு காட்டாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் ஒரு நாளில் சாணம் கெட்டியாகத் தொடங்காவிட்டால், சாணத்தை மருத்துவமனையில் காட்டுங்கள். இந்த வயதில் குடற்புழு, கிருமித் தொற்று, ரத்தக் கழிச்சல் ஆகியவையும் உண்டு. அவற்றைத் தூரத்திலிருந்து நான் விலக்கிவிட முடியாது.

பதில் 3: சாயல்குடிப் பக்கம் ஆடு வளர்ப்பவர்

ஐயா சொன்னதில் கருப்பட்டி விஷயம் எனக்கு நெருடலாக இருக்கிறது. பனங்காட்டு ஊர்க்காரர்கள் நாங்கள். ஈன்ற மாட்டுக்கு எங்கள் பாட்டி காலத்திலிருந்து கருப்பட்டி கொடுத்துத்தான் தேற்றுகிறோம், கெடுதல் வந்ததில்லை.

ஆட்டுப்பால் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அக்கா. தாயில்லாக் கன்றை ஆட்டுப்பாலில் தேற்றியிருக்கிறோம். கொழுப்பு மிக நுண்ணியதாக இருப்பதால் கன்று எளிதாக ஏற்றுக்கொள்கிறது. தண்ணீர் சேர்க்கத் தேவையே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து நாட்டு ஆடு தன் குட்டிக்குப் போக அரை லிட்டர் மிஞ்சினால் பெரிது. ஒரு கன்றின் நாள் கணக்கை நிரப்ப எத்தனை ஆடுகளைக் கறப்பது? ஒரு வேளை ஆட்டுப்பால், ஒரு வேளை வேறு பால் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதைவிட, எது தினமும் ஒரே அளவில் கிடைக்குமோ அதைக் கொடுங்கள்.

பதில் 4: கால்நடை மருத்துவர்

ஈன்ற பசுவுக்குக் கருப்பட்டி கொடுப்பது நல்ல வழக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. பசுவுக்கு அசைபோடும் பெருவயிறு வளர்ந்திருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் எந்த இனிப்பையும் உடைத்துக்கொள்ளும். இரண்டு வாரக் கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலைக்கே வரவில்லை. பாட்டி தாய்க்குக் கொடுத்ததைக் கன்றுக்கும் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஆட்டுப்பாலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் காய்ச்சாமல் ஊற்ற வேண்டாம். கருச்சிதைவு நோய்க் கிருமி ஆட்டுப்பாலில் வரக்கூடும். பொங்கி எழும்போது இறக்கி, ஆறவிட்டுக் கொடுங்கள்.

பதில் 5: திருப்பாலைக்குடிப் பக்கம், பால் சங்கப் பணியாளர்

பாக்கெட் பால் என்று பொதுவாகச் சொல்கிறோம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் சத்து வேறு. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 விழுக்காடு, இதர திடச்சத்து 8.5. நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5, இதர சத்து 8.5. நிறைகொழுப்புப் பாலில் 6-உம் 9-உம். நம் கலப்பினப் பசுவின் பாலுக்கு நிலைப்படுத்திய பால்தான் மிக நெருக்கம். விலை குறைவு என்று இருமுறை சமன்படுத்திய பாலை வாங்கினால் கொழுப்பு 1.5 மட்டுமே, அதில் பாதித் தண்ணீரும் சேர்ந்தால் கன்றுக்கு வயிறு நிறையும், உடம்பு தேறாது. இந்தப் பால் ஏற்கெனவே கிருமி நீக்கப்பட்டது என்பதால் வெதுவெதுப்பாக்கினாலே போதும்.

எருமைப்பால் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கவனம் தேவை. அதில் கொழுப்பு 7 விழுக்காட்டளவு இருக்கும். காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிட்டு, அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். இப்போது கழிந்துகொண்டிருக்கும் கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்

ஐயா, அண்ணன், உங்கள் அனைவரின் சொல்படியும் செய்தோம். இளைய பசுவின் பாலில் ஒரு பங்கும், நிலைப்படுத்திய பாக்கெட் பாலும் சேர்த்து, ஒவ்வொரு வேளையும் ஒரே விகிதத்தில் கொடுக்கிறோம். ஓஆர்எஸ் கரைசலைக் குடிநீரில் கரைத்து இடையில் கொடுத்தோம். மறுநாளே கழிச்சல் தடவை குறைந்தது. இப்போது சாணம் களிபோல் வருகிறது, கண்ணும் தெளிந்திருக்கிறது. உள்ளூர் மருத்துவரிடமும் காட்டினோம். சாணத்தைப் பார்த்துவிட்டுப் புழு மருந்து மட்டும் தந்தார்.

ஆனால் இந்தச் செலவை மாதக்கணக்கில் தாங்க முடியாது. மிச்சமிருக்கும் தூளுக்குத் திரும்பலாமா? மாமியார் அந்தப் பையைப் பார்த்தாலே வேண்டாம் என்கிறார்கள்.

பதில் 6: கால்நடை மருத்துவர்

திரும்பலாம், தூள் கெட்ட பொருள் அன்று. பையின் பின்புறம் பாருங்கள். புரதம் 20 விழுக்காட்டுக்கு மேலும் கொழுப்பு 15-க்கு மேலும் இருக்க வேண்டும். புரதம் பாலிலிருந்து வந்ததா, சோயாவிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். சோயாப் புரதத்தை மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்று சரியாகச் செரிக்காது. அப்படியானால் அந்த வயது கடக்கும் வரை பொறுங்கள்.

சாணம் முழுதாகக் கெட்டிப்பட்ட பிறகு, காற்பங்கு தூள்பால், முக்காற்பங்கு இப்போதைய பால் என்று தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்பங்கு கூட்டி, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். டம்ளரை விட்டுவிட்டுத் தராசைப் பயன்படுத்துங்கள். நல்ல தண்ணீரை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிக் கட்டியில்லாமல் கரைத்து, 39 டிகிரிக்கு ஆறியதும் கொடுங்கள். இரு வேளையும் அதே சூடு, அதே நேரம். தரையில் வாளி வைப்பதைவிட, தாயின் மடி உயரத்தில் காம்பு பொருத்திய புட்டியில் கொடுத்தால் கன்று உறிஞ்சிக் குடிக்கும். அப்போதுதான் பால் பெருவயிற்றுக்குள் சிந்தாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும்.

செலவு குறைய ஒரே வழி கன்றைத் தீவனத்துக்குப் பழக்குவதுதான். கன்றுக்கான கலப்புத் தீவனத்தை இப்போதே ஒரு கைப்பிடி வைத்து, மிச்சத்தை அன்றாடம் மாற்றுங்கள். பக்கத்தில் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். நாளுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் தொடர்ந்து தின்னத் தொடங்கிய பிறகு பாலைப் படிப்படியாகக் குறைக்கலாம். தண்ணீரை மட்டும் பால் மறக்கும் வரை கிணற்றுக்கு மாற்றாதீர்கள்.

கேட்டவர்

அப்படியே செய்கிறோம், ஐயா. கன்றுக்கென்று தனிக் குடம் வைத்துவிட்டோம். தாய்ப்பசுவின் பாலைக் கன்றுக்கு எப்போது திரும்பக் கொடுக்கலாம்?

பதில் 7: கால்நடை மருத்துவர்

கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள்; அந்த நாள் கழிய வேண்டும். கழிந்த பிறகும், நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியாக மருத்துவரிடம் கொடுத்து மடிநோய்ச் சோதனை செய்து, நோயில்லை என்று தெரிந்த காம்புகளின் பாலை மட்டும் கறந்து கொடுங்கள்.