140 கிலோ ஆளை எப்படி ராகிங் செய்ய முடியும்? மயாமி லாக்கர் ரூமில் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?

தென்றல்77 எழுதியது:

கொஞ்ச நாளாக அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன், முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த என்எஃப்எல். பழைய ஆட்டங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது 2013-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணியில் நடந்தது கண்ணில் பட்டது. அப்புறம் அதன் விசாரணை அறிக்கை, 144 பக்கம், இரண்டு இரவு உட்கார்ந்து முழுதும் படித்தேன். படித்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக: ஜொனாதன் மார்ட்டின் 2012 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக் மேல் யாரும் பாயாமல் தடுக்கும் வரிசையில் ஆடுபவர். உயரம் 6 அடி 5 அங்குலம், எடை 140 கிலோ. அதே வரிசையில் ஆடிய ரிச்சி இன்காக்னிட்டோவும், அவருடன் சேர்ந்துகொண்ட ஜான் ஜெர்ரி, மைக் பவுன்சி இருவரும் இவரைத் தொடர்ந்து படுத்தியிருக்கிறார்கள். இனத்தை வைத்து வசை, அம்மாவையும் சகோதரியையும் பற்றி வாயில் சொல்ல முடியாத ஆபாசம். 2013 ஏப்ரலில் இன்காக்னிட்டோ விட்ட ஒரு வாய்ஸ்மெயிலில் இனவசையோடு கொன்றுவிடுவேன் என்ற வார்த்தையும் இருக்கிறது. தான் போகாத லாஸ் வேகாஸ் பயணத்துக்கு மார்ட்டின் 15,000 டாலர் கட்டியிருக்கிறார். கடைசியில் 2013 அக்டோபர் 28 அன்று சாப்பாட்டு மேசையில் இவர் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். தட்டை வீசிவிட்டு வெளியே நடந்தவர் அந்த அணிக்குத் திரும்பவே இல்லை. அதற்கு முன்பே உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்த நாட்கள் இருந்ததாக அறிக்கை சொல்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். 53 பேர் கொண்ட அணி, பயிற்சியாளர்கள், மருத்துவ உதவியாளர்கள், எல்லோரும் ஒரே கட்டடத்தில் நாள் முழுக்க இருக்கிறார்கள். ஒன்றரை வருடம் ஒருவர் கூடவா “போதும் நிறுத்து” என்று சொல்லவில்லை? மார்ட்டினும் ஏன் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை? ஏதாவது ஒரு அணியில் ஆடியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

---

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

நான் ஆடியது வேறு கால்பந்து, உதைக்கிற கால்பந்து. ஒரு கிளப்பின் இளையோர் அணியில் மூன்று சீசன் இருந்தேன், அதற்கு மேல் போகவில்லை. ஆனால் நீங்கள் கேட்பதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் அணியில் ஒரு பையன், விங்கர், நல்ல வேகம். பேசும்போது கொஞ்சம் திக்கும். சீனியர் ஒருவர் தினமும் அவனைப் போலவே திக்கிப் பேசிக் காட்டுவார், அறையே சிரிக்கும். முதலில் பேச்சு மட்டும்தான். பிறகு அவன் பூட்ஸ் காணாமல் போக ஆரம்பித்தது, குளித்துவிட்டு வந்தால் துணி இருக்காது. நானும் சிரித்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த சீனியரின் கண் அடுத்து என் மேல் விழும், அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால் அந்தப் பையனும் சேர்ந்து சிரிப்பான், யாரையும் விட சத்தமாக. சிரித்துவிட்டால் அது கிண்டல், சிரிக்காவிட்டால் அது அவமானம். அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

மார்ட்டின் விஷயத்திலும் இதேதான். அவரும் இன்காக்னிட்டோவும் ஒருவருக்கொருவர் ஆயிரத்துக்கும் மேல் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள், அதில் பலவும் நண்பர்கள் பேசுகிற மாதிரியே இருக்கும். அவர் அணியை விட்டுப் போன பிறகு குவார்ட்டர்பேக் ரயன் டானஹில், ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் மார்ட்டின் தன் நெருங்கிய நண்பன் இன்காக்னிட்டோ என்றுதான் சொல்லியிருப்பார் என்கிற மாதிரி பேசினார். டானஹில் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அறையில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பலம் உள்ளவனோடு ஒட்டிக்கொண்டால் அடி குறையும் என்று நினைப்பவனும் வெளியிலிருந்து பார்த்தால் நண்பன் மாதிரிதானே இருப்பான்.

உடம்பு எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

---

நாலாவது டவுன் எழுதியது:

இருவரும் மன்னிக்கணும், நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். பதினைந்து வருடமாக என்எஃப்எல் விடாமல் பார்ப்பவன்.

புதுப் பையன்களைச் சீனியர்கள் ஓட்டுவது அந்த விளையாட்டில் எல்லா அணியிலும் இருப்பது. பயிற்சி முடிந்ததும் சீனியரின் தோள் கவசத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது, சாப்பாட்டு பில் கட்டுவது, மொட்டை அடிப்பது. 2010-இல் டல்லாஸ் கவ்பாய்ஸில் டெஸ் பிரையண்ட், ராய் வில்லியம்ஸின் கவசத்தைத் தூக்க மாட்டேன் என்றார், பிறகு அவர் தலையில் விழுந்த ஹோட்டல் பில் 50,000 டாலரைத் தாண்டியது. அதற்காக அவர் உடைந்து போகவில்லை, பெரிய ஆட்டக்காரர் ஆனார். எதிரில் 140 கிலோ ஆட்கள் முழு வேகத்தில் மோதுகிற வேலை இது, பக்கத்தில் நிற்பவன் பயந்து ஒதுங்குவானா நின்று தாங்குவானா என்று தெரிந்தாக வேண்டும், அதைச் சோதிக்கிற முறை கரடுமுரடாகத்தான் இருக்கும். அந்த வாய்ஸ்மெயில் தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி அந்த விளையாட்டையே குற்றவாளி ஆக்குவது நியாயமா?

---

தென்றல்77 எழுதியது:

நாலாவது டவுன், கோபப்படாமல் எழுதியதற்கு நன்றி. ஆனால் அறிக்கையில் நீங்கள் சொல்லும் காரணத்துக்கு அடங்காத ஒரு ஆள் இருக்கிறார். அணியின் உதவி டிரெயினர், ஜப்பானில் பிறந்தவர். அவர் யாரோடும் மோத வேண்டிய வேலை இல்லை, காலுக்குக் கட்டுப் போடுகிற, தண்ணீர் கொடுக்கிற வேலை. அவரையும் இதே மூன்று பேர் இன வசையோடு கூப்பிட்டிருக்கிறார்கள். 2012 டிசம்பர் 7, ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதன் நினைவு நாள், அன்று சூரியன் படம் போட்ட ஜப்பானியத் தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அந்தத் தாக்குதலுக்கு உன்னைப் பழி வாங்கப் போகிறோம் என்று மிரட்டியிருக்கிறார்கள், விளையாட்டாகத்தானாம். அந்தத் தலைப்பட்டைகளை அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததே அவர்தான். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடுவது மாதிரி திரையை அணைத்துவிட்டேன்.

இதில் யாருடைய துணிச்சலைச் சோதித்தார்கள்?

---

கருப்பு மை எழுதியது:

நான் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீல். விளையாட்டு பெரிதாகத் தெரியாது, ஆனால் இந்த அறிக்கையை வேலை காரணமாக ஒரு முறை படித்திருக்கிறேன். தென்றல்77 கேட்ட “ஏன் புகார் கொடுக்கவில்லை” என்பதற்கு என் பதில்: கொடுத்தால் என்ன நடக்கும் என்று அந்த அறை எழுதியே வைத்திருந்தது.

அந்த வரிசை வீரர்களிடம் ஒரு அபராத நோட்டு இருந்தது. தாமதமாக வந்தால் இவ்வளவு, உளறினால் இவ்வளவு என்று. அதில் போட்டுக் கொடுப்பதற்கும் அபராதம் உண்டு, அப்படிச் செய்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் யூதாஸ். எட்டப்பன் என்று நாம் சொல்வோமே, அது. மார்ட்டின் வெளியேறிய பிறகு அவரை உடைத்ததற்காக இன்காக்னிட்டோ தனக்குத்தானே 200 டாலர் அபராதம் எழுதிக்கொண்டிருக்கிறார். விசாரணை வரும் என்று தெரிந்ததும் அந்த நோட்டை அழித்துவிடச் சொல்லி சக வீரருக்குச் செய்தி அனுப்பினார். நல்ல வேளை, அது அழியவில்லை.

இப்போது மார்ட்டின் இடத்தில் நின்று பாருங்கள். அணியில் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வீரர்கள் தலைமைக் குழு ஒன்று இருக்கிறது, பிரச்சினை என்றால் முதலில் அவர்களிடம் போக வேண்டும். அந்தக் குழுவில் இன்காக்னிட்டோ ஒருவர். சரி, வரிசைப் பயிற்சியாளர் ஜிம் டர்னரிடம் போகலாமா? 2012 கிறிஸ்துமஸுக்கு மற்ற வீரர்களுக்குப் பெண் உருவ ஊதல் பொம்மை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓரினச்சேர்க்கையாளர் என்று இன்காக்னிட்டோவும் மற்றவர்களும் கேலி செய்துவந்த இன்னொரு இளம் வீரருக்கு மட்டும் ஆண் உருவ பொம்மையைக் கொடுத்தவர் அவர்தான். தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஃபில்பினுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் அறிக்கை முடிவு செய்தது, தெரிந்திருந்தால் தலையிட்டிருப்பார் என்றும் சொன்னது. எனக்கு அதில்தான் அதிக வருத்தம். ஒரு நல்ல மனிதர் மேலே இருக்கிறார், அவர் வரைக்கும் சத்தம் போய்ச் சேர வழியே இல்லை. யார் ஆட வேண்டும் யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவர்தான், அவரிடம் போய் எனக்குத் தாங்கவில்லை என்று சொல்ல எத்தனை பேர் துணிவார்கள்? என்எஃப்எல் ஒப்பந்தங்களில் கணிசமான பணத்துக்கு உத்தரவாதம் கிடையாது, இன்று வேண்டாம் என்றால் நாளை வீடு.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் இன்காக்னிட்டோவைத் திட்டியபோது டர்னர் மார்ட்டினுக்கே செய்தி அனுப்பி, நீ ஒரு அறிக்கை விட்டு இதை முடித்து வை, சரியானதைச் செய் என்றார். அப்போது மார்ட்டின் மனநல சிகிச்சையில் இருந்தார். 2014 பிப்ரவரியில் டர்னரையும் தலைமை டிரெயினரையும் அணி வேலையை விட்டு நீக்கியது. மார்ட்டின் சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போய் 2015-இல் ஓய்வு பெற்றுவிட்டார். இன்காக்னிட்டோ ஒரு சீசன் ஆட்டமில்லாமல் இருந்துவிட்டு 2015-இல் பஃபலோ பில்ஸுக்கு வந்தார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் புரோ போலுக்கு மறுபடி தேர்வானார். அடுத்த லாக்கர் ரூமில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் 22 வயதுப் பையன் என்ன கணக்குப் போடுவான்?

ஒருவர் பெயரை வெளியிடாமல் புகார் வாங்க, அணியில் யாருடைய சம்பளத்தோடும் சம்பந்தமில்லாத ஒரு வெளி ஆள் வேண்டும். அது இல்லாமல் நடத்தை விதிகளைக் கையெழுத்து வாங்கி வைத்துப் பயனில்லை. டால்ஃபின்ஸிலும் அந்தக் காகிதம் இருந்தது.

---

நடுவட்டம் எழுதியது:

வக்கீல் மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மௌனம் ஆண்கள் அறையில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பெண்கள் லீக்கைப் பாருங்கள், இது உதைக்கிற கால்பந்து, அங்கே படுத்தியது சக வீரர் இல்லை, பயிற்சியாளர். போர்ட்லாந்து அணியின் பால் ரைலி மேல் வீராங்கனை மானா ஷிம் 2015-இலேயே புகார் கொடுத்தார். அணி ரைலியை அனுப்பியது, ஏன் அனுப்பினோம் என்று வெளியே சொல்லவில்லை, அடுத்த வருடமே அதே லீக்கில் வேறு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஷிம் வாய் திறந்தார், திறந்தும் ஆறு வருடம் எதுவும் நடக்கவில்லை. லீக் சின்னது, பேசினால் லீக்கே மூடிவிடும் என்ற பயம் வேறு அந்தப் பெண்களுக்கு இருந்தது.

2021 செப்டம்பரில் ஷிம்மும் இன்னொரு வீராங்கனை சினேட் ஃபாரலியும் பத்திரிகையிடம் பெயர் சொல்லிப் பேசிய பிறகுதான் எல்லாம் அசைந்தது. அக்டோபர் 6 அன்று எல்லா ஆட்டங்களிலும் ஆறாவது நிமிடத்தில் இரு அணி வீராங்கனைகளும் ஆட்டத்தை நிறுத்தி நடுவட்டத்தில் கைகோத்து நின்றார்கள், அந்த ஆறு வருடத்துக்காக. என் பயனர் பெயர் அதிலிருந்து வந்ததுதான். ரைலிக்கு 2023-இல் வாழ்நாள் தடை. மயாமியில் மார்ட்டின் தட்டை வீசிவிட்டு நடந்தபோது கூட யாராவது ஒருவர் எழுந்து நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

---

நாலாவது டவுன் எழுதியது:

அந்த டிரெயினர் விஷயம் எனக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் டிவியில் கேட்டதை வைத்தே இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அறிக்கையை நேற்று இரவுதான் திறந்தேன், நாற்பது பக்கம் தாண்டவில்லை. பை தூக்கச் சொல்வதில் தப்பில்லை என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் பை தூக்குவது ஒரு முகாமோடு முடிகிற விஷயம். மார்ட்டினுக்கு நடந்தது இரண்டாவது வருடமும் நிற்கவில்லை, அதுவும் அவர் வழக்கமாக முதல் பதினொன்றில் ஆடுகிற ஆளான பிறகும். அதைச் சோதனை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பழைய ஸ்டாப்பர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த விங்கர் பையன் பிறகு என்ன ஆனார்?

---

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

அடுத்த சீசன் அவன் வரவில்லை. முழங்காலில் அடி என்று பயிற்சியாளர் சொன்னார், நாங்களும் ஆமாம் முழங்கால் என்றே சொல்லிக்கொண்டோம். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு அவனே வந்து பேசினான், வேலை, பிள்ளைகள், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரை மணி நேரம். பேச்சு நன்றாகத் தெளிந்திருந்தது. பந்து ஆடுகிறாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அவனும் அந்த அறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.