ஹெட்: வீழுயரமா, புனல்தலையா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும்,

நீர்மின் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஹெட் (head) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஒன்றுதான் நிற்கிறது.

நான் முன்வைத்தது "வீழுயரம்". அதற்கு மாற்றாக ஐயா சொன்ன "புனல்தலை" காதுக்கு இனிமை. தலைமடை, தலைக்காவிரி என்று அடுக்கிய சான்றுகளும் சரி. ஆனால் அங்கெல்லாம் தலை என்பது தொடங்கும் இடம். நமக்கு வேண்டியதோ ஓர் அளவு: மேல்நீர் மட்டத்துக்கும் டர்பைனுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பது. புனல் என்றதும் நமக்குக் குறளின் "வருபுனல்" நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் வடிதாள் மடித்து வைக்கும் புனல்தான் வரும்.

கடலூரில் என் வகுப்பில் அருவி பார்த்தவர்கள் குறைவு. அதனால் மொட்டைமாடித் தொட்டியைக் காட்டினேன். கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் வாளியில் அடித்து நுரைக்கிறது, மாடிக் குழாயில் நூல்போல் ஒழுகுகிறது. ஏன் என்றால் "உயரம் சார்" என்கிறார்கள். ஆக, உயரம் என்பது சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். கொத்தனார்கள் சொல்லும் "வாட்டம்" எனக்கும் பிடித்ததுதான், ஆனால் அது சரிவு.

வீழுயரம் என்கிறீர்களே, குழாயில் இறங்கும் நீர் எங்கே வீழ்கிறது என்று நெய்வேலி நண்பர் கேட்டார். சிவசமுத்திரத்தைப் பாருங்கள். 1902இல் காவிரி நீரை அருவிக்கு மேலேயே கால்வாயில் திருப்பி, குழாய்வழி கீழே இறக்கி, மின்சாரத்தைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். பாறையில் விழ வேண்டிய நீர் குழாயில் விழுந்தது, அவ்வளவுதான். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்பு நீங்கலாக, 981 கிலோவாட். வழி எதுவானாலும் கணக்கு இதே.

அப்புறம், வீழுயரம் வினைத்தொகை. வீழ்ந்த, வீழ்கின்ற, வீழும் மூன்றும் அதில் அடக்கம். அணையில் இன்னும் அசையாமல் நிற்கும் நீருக்கும் அது பொருந்துகிறதே! வேதியியலில் "வீழ்படிவு" எப்போதோ பழகிவிட்டது. ஆகவே வீழுயரம் என்றே போடுகிறேன். ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

டெயில்ரேஸுக்கு, அதாவது டர்பைனை விட்டு நீர் வெளியேறும் கால்வாய்க்கு, மட்டும் "கடைமடை" வேண்டாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் கடைமடை என்றால் தண்ணீர் வந்து சேருமா என்று ஏங்கும் வயல். டர்பைனுக்குள் போன நீரோ அத்தனையும் வெளியே வருகிறது. இப்போதைக்கு "வெளிக்கால்" என்று வைத்திருக்கிறேன். வியாழன் இரவுக்குள் இதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.