இரவு முகில் மூடின அடுத்த நாள் ஸ்கீ டூர் போறதோ? (ஏப்ரல் பனி, பனிச்சரிவு)

ஆரே_ஓரம்:
எல்லாருக்கும் வணக்கம். பேர்ணில இருக்கிறன். ஸ்கீ டூர் (லிப்ட் இல்லாம ஸ்கீயோட மலை ஏறி இறங்கிறது) போகத் தொடங்கி இது ரெண்டாவது சீசன். ஒரு வார இறுதிப் பனிச்சரிவுக் கோர்ஸ் செய்தனான், அவ்வளவுதான் அனுபவம். போன சனிக்கிழமை நாலு பேரா டாவோஸுக்குக் கிட்ட ஃப்ளூயலா கணவாய்ப் பக்கம் போனனாங்கள். பனிச்சரிவுப் புல்லட்டினில ரெண்டு படம் போட்டிருந்தது: ஆபத்து மட்டம் காலமைக்கு 2, பகலில ஈரப்பனிக்கு 3. நாங்கள் வெளிக்கிட எட்டரை ஆகிட்டுது. நல்ல வெயில், ஒரு துண்டு முகிலும் இல்லை. பத்தே முக்கால் போல ஒரு கிழக்குச் சரிவுக்குக் கீழ நிண்டு ஸ்கீயைக் கழட்டினன். கால் முழங்கால் மட்டும் இறங்கிட்டுது. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, திரும்புவம் எண்டன். மற்ற மூண்டு பேரும் "தடம் இருக்குத்தானே, நேற்றும் ஆக்கள் ஏறியிருக்கினம்" எண்டு நிண்டவை. கடைசியில திரும்பினம். ஆனா வீடு வந்து சேருமட்டும் ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் செய்தது சரியோ? நீங்கள் எல்லாம் இந்தக் காலத்துப் பனியை எப்பிடிப் பாக்கிறனீங்கள்?

டாவோஸ்_சமையல்காரன்:
தங்கச்சி, நீங்கள் திரும்பினது சரி. அந்தச் சனிக்கிழமைக்கு முதல் இரவைப் பற்றி நான் சொல்லுறன், நான் இஞ்சைதான் இருந்தனான்.

ஹோட்டல் குசினியில 19 வருசமா வேலை. வேலை முடிய இரவு பதினொண்டரை ஆகும். பின்கதவால குப்பை போட வெளியில வரேக்க வானத்தைப் பாக்கிறது என்ர பழக்கம். அந்த வெள்ளிக்கிழமை ஒரு நட்சத்திரமும் இல்லை. கூரை ஓரத்தில தண்ணி சொட்டிக்கொண்டு நிண்டது. விடியத்தான் முகில் கலைஞ்சது. உங்களுக்குக் காலமை தெரிஞ்சது நீல வானம். பனிக்குத் தெரிஞ்சது அதுக்கு முந்தின எட்டு மணித்தியாலம்.

வானம் வெளிச்சு, காத்தும் உலர்ந்து இருந்தா, பனி தன்ர சூட்டை மேல விட்டிடும். காத்து பூச்சியத்துக்கு மேல 2, 3 பாகையில இருந்தாலும் பனியின்ர மேற்பரப்பு உறைஞ்சிடும். முகில் இருந்தா அது போர்வை மாதிரி. சூடு போக வழியில்லை. நேற்று ஏறின ஆக்கள் வியாழன் இரவு உறைஞ்ச பனியில ஏறியிருப்பினம். அந்தத் தடத்தை வைச்சு உங்கட பனியை மட்டுக்கட்ட ஏலாது.

உறைஞ்சிருக்கு எண்டாலும் எவ்வளவு தடிப்பு எண்டு பாக்க வேணும். நான் ஏற முதல் ஸ்டிக்கைத் தலைகீழாப் பிடிச்சுப் பிடியால குத்துவன். ரெண்டு சென்ரிமீற்றர் ஓடு மட்டும் எண்டால் அப்பளம் மாதிரி உடைஞ்சு உள்ள போகும். அந்த ஓட்டைக் கையால தூக்கிப் பாருங்கோ. கீழ ஊறின சவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா ஈரமாக் கிடக்கும், ஒண்டோடை ஒண்டு ஒட்டாது. அதுக்கு மேல வெயில் விழுந்தா ஓடு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? ஸ்கீ இல்லாம நிண்டு குதிச்சாலும் தாங்குதெண்டால் தொடர்ந்து போவன்.

பிறகு நேரம். கிழக்குச் சரிவு விடியவே வெயில் குடிக்கத் தொடங்கும். பிறகு தெற்கு, கடைசியா மேற்கு. கோடை நேரம் மாத்தினபிறகு இஞ்சை சூரியன் உச்சிக்கு வாறது பின்னேரம் ஒண்டு இருபது போல. அதால தெற்குச் சரிவு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இளகிக்கொண்டுதான் இருக்கும். நான் இறங்கி முடிக்கிற நேரத்தை முதல் எழுதி, அதிலயிருந்து பின்னால எண்ணித்தான் அலாரம் வைக்கிறனான். கிழக்குச் சரிவு எண்டால் பத்து மணிக்கு நான் அடிவாரத்தில நிக்க வேணும்.

ஒருக்கா அதை விட்டனான். கூட வாறவர் ஒருத்தருக்காகக் கார் பார்க்கில ஒண்டரை மணித்தியாலம் காத்து நிண்டு, பிறகும் போனம். பன்னிரண்டே காலுக்கு இறங்கேக்க பாறை ஓரத்தில இருந்து சின்னச் சின்னப் பனி உருண்டையள் சில்லு மாதிரிச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில ஓடைக்கு அங்கால் பக்கச் சரிவில பனி தானாக் கழண்டு விட்டுது. ஒருத்தரும் அதில நிக்கேல்லை. லொறியில இருந்து சல்லி கொட்டுற மாதிரிச் சத்தம். தடிச்ச கூழ் மாதிரி வந்து, நாங்கள் காலமை ஏறின தடத்தை நூறு மீற்றருக்கு மூடிட்டுது. அடுத்த நாள் விடியப் போய்ப் பாத்தன். சவள் இறங்கேல்லை, கொங்கிறீற் மாதிரி இறுகிக் கிடந்தது.

வாலிஸ்_தம்பி:
அண்ணை, அப்ப வடக்குச் சரிவால போனா இந்தப் பிரச்சினை இல்லைத்தானே? அங்கை இன்னும் பவுடர் (உலர்ந்த மெத்தெண்ட பனி) கிடக்கு.

கூர்_அக்கா:
தம்பி, அங்கை வேற பிரச்சினை. வடக்குப் பக்கம் உயரத்தில குளிர்காலத்துப் பழைய பனி அடியில சீனி மாதிரி ஒட்டாமல் கிடக்கும். ஏப்ரல் கடைசியில தண்ணி முதன்முதலா அந்தப் படைக்கு இறங்கேக்கதான் அது பெரிசா விடுறது. தெற்குச் சரிவு அந்தக் கட்டத்தை எப்பவோ தாண்டியிருக்கும், வடக்கு இப்பதான் அதுக்குள்ள போகுது. புல்லட்டினில இலக்கத்தை மட்டும் பாக்காதேங்கோ. எந்தத் திசை, எத்தினை மீற்றருக்கு மேல, பழைய பனியோ ஈரப்பனியோ எண்டு கீழ எழுதியிருக்கிறதையும் வாசியுங்கோ.

இன்னொண்டு. சகாரா மணல் படிஞ்ச வருசங்களில பனி மஞ்சளா, மண்ணிறமா வரும். 2021 பெப்ரவரியில அல்ப்ஸ் முழுக்க அப்பிடி வந்தது. அந்தப் படை வெளியில தெரியிற இடம் வெயிலைக் கூடுதலா இழுக்கும், பக்கத்து வெள்ளைப் பனியை விடக் கெதியா இளகும்.

ஆரே_ஓரம், சுவிஸ்டோப்போ மப்பில (அரசாங்க நிலப்படம்) சரிவு எவ்வளவு செங்குத்து எண்டு காட்டுற படத்தைப் போட்டுப் பாத்தனீங்களோ? 30 பாகைக்கு மேல மஞ்சள், 35க்கு மேல செம்மஞ்சள், 40க்கு மேல சிவப்பு. நீங்கள் நிக்கிற இடம் வெள்ளையா இருந்தாலும், தலைக்கு மேல சிவப்பு இருந்தா அது உங்களுக்கு மேலதான் வரும்.

ஆரே_ஓரம்:
இப்பதான் பாத்தன். நாங்கள் நிண்ட இடம் மஞ்சளும் இல்லை. ஆனா நேர மேல செம்மஞ்சள், ஒரு பாறைக்குக் கீழ சிவப்பு. தடம் அதுக்கு நேர கீழாலதான் போகுது. படத்தை மற்ற மூண்டு பேருக்கும் அனுப்பினன். ஒருத்தர் மட்டும் "நான் இதைப் பாக்கவே இல்லை, மன்னிச்சுக்கொள்ளும்" எண்டு எழுதியிருக்கிறா.

வாற ஞாயிறு அவவோட திரும்பப் போக யோசிக்கிறன். சனி இரவு முகில் எண்டு போட்டிருக்கு.

டாவோஸ்_சமையல்காரன்:
சனி இரவு பதினொண்டரைக்கு நான் வெளியில வருவன். நட்சத்திரம் தெரியுதோ இல்லையோ எண்டு உடன இஞ்சை எழுதிறன். தெரியேல்லை எண்டால் அலாரத்தை நிப்பாட்டிப்போட்டுப் படுங்கோ. தெரிஞ்சா நாலரைக்கு எழும்புங்கோ. வெளிக்கிட முதல் ரெண்டு பேரும் எல்.வி.எஸ்ஸை (பனியில புதைஞ்சவரைத் தேடுற சிக்னல் கருவி) போட்டு, ஒராள் நடக்க மற்றாள் சிக்னல் கேக்குதோ எண்டு சோதியுங்கோ. சவளும், பனிக்குள்ள குத்தித் தேடுற குத்துக்கோலும் பையில மேலாலயே இருக்கட்டும்.